மீட்டர் காட்டிய பூஜ்ஜியம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் என்பதால் அக்கா அவனுக்கு வைத்த பெயர் பூட்டு. அன்று மதியம் பூட்டு நகத்தைக் கடித்தபடி சமையலறை மேசையருகே நின்றான். மேசைமேல் அக்காவின் கிதார் ஆம்ப்ளிஃபயர் குடல் தெரியக் கவிழ்ந்து கிடந்தது. சாயங்காலம் அவள் மேடையேற வேண்டும். காலை ஒத்திகையில், பல்பு போலிருக்கும் பவர் வால்வுகளில் ஒன்று கங்குபோலச் சிவந்து, ஃபியூஸ் போய்விட்டது.

"வால்வ மட்டும் மாத்துறதுன்னா வெளியிலேர்ந்தே மாத்திடலாம். உள்ள ஏதோ கருகின வாசன வருதே. பாக்காம புதுசப் போட்டா அதையும் தின்னுடும்" என்றாள் அக்கா.

"அக்கா, கெப்பாசிட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கும். கைய வெச்சிடாத."

"பிளக்கப் புடுங்கி எவ்ளோ நேரமாச்சு! உன் பயத்துக்காக மீட்டர் வெச்சுப் பாக்கறேன், போதுமா?"

மீட்டரின் கறுப்பு வயரை ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தில் மாட்டினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் கெப்பாசிட்டரைத் தொட்டாள். பூஜ்ஜியம்.

"பாத்தியா? செத்த பாம்புடா இது."

மீட்டரை வைத்துவிட்டு விரலை உள்ளே நீட்டினாள். இந்த ஊரில் அவளை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை. சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இரு. மீட்டர் வேல செய்யுதான்னு பாத்துடறேன்."

"ஆமாமா, மீட்டருக்கு ஒரு மீட்டர், அதுக்கு இன்னொண்ணு. நான் நாளைக்கு வாசிச்சுக்கறேன், நீ நிதானமா பாரு!"

அவன் காதில் வாங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதன் பேட்டரியை எடுத்து இரு முனைகளிலும் மீட்டரை வைத்தான்.

பூஜ்ஜியம்.

அவன் கறுப்பு வயரை வளைத்தான். எண் ஒரு கணம் துள்ளி விழுந்தது. தோலுக்குள் கம்பி அறுந்திருந்தது.

அக்கா இழுப்பறையைத் துழாவி வேறு வயர் எடுத்தாள். முதலில் பேட்டரியில் வைத்தாள், சரியாகக் காட்டியது. பிறகு கெப்பாசிட்டரில். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறியது. அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு."

குடித்து முடித்ததும், பெரிய ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட வயரில் கோத்து, தேங்கியதை வடியவிட்டாள். மீட்டரில் எண் இறங்கி இறங்கிப் பூஜ்ஜியமானது. அவன் கேட்காமலேயே, பேட்டரியில் மீட்டரை இன்னொரு முறை சோதித்துக்கொண்டாள். கருகியது எது என்று அதன்பிறகே கண்டுபிடித்தார்கள்: தேங்கும் மின்சாரத்தைத் தானாக வடிக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டர்.

அதை மாற்றி, புது ஜோடி வால்வுகளின் கால்களைத் துளை பார்த்துப் பொருத்தி, ஃபியூஸும் போட்டார்கள். சுவிட்சில் கை வைத்தவள் நின்றாள்.

"ஸ்பீக்கர் வயர் மாட்டியிருக்கா? அது இல்லாம போட்டா டிரான்ஸ்ஃபார்மரே போயிடும்."

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தான். போட்டாள். மங்கிய ஆரஞ்சு வெளிச்சம், எங்கும் சிவப்பில்லை. வால்வுகள் மறுபடி சிவக்காதபடி, மீட்டர் வைத்து பயாஸ் திருகை அளவுக்குத் திருப்பினாள்.

வீட்டைப் பூட்டி, ஆம்ப்பை இருபுறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்ததும் பூட்டின் கால்கள் தயங்கின. அக்காவே ஆம்ப்பைக் கீழே இறக்கினாள்.

"போ, இழுத்துப் பாத்துட்டு வா. நான் நிக்கறேன்."