பட்டாபிராமன் மாமாவின் ஃபாண்ட்

“எட்டாவதோட ஸ்கூலை விட்டவளுக்குக் கதை எதுக்குடி?”

போன வருஷம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் பட்டாபிராமன் மாமா கேட்டார். மாதங்கியின் கதைக்கு அடியில் ‘முயற்சி போதாது. அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று எழுதியும் கொடுத்தார். அவள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து, துணி அலமாரியில் ஒளித்திருந்த நோட்டில் அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தீர்த்தாள். மூக்குக்கு மட்டும் ஒரு பக்கம்.

சங்கத்தின் ஆண்டு மலர் பன்னிரண்டு வருஷமாக மாமாவின் ராஜ்யம். காரணம் ஒரு பழைய ஃபாண்ட். அது அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும்; வேறு எதில் திறந்தாலும் பூச்சி பூச்சியாக நிற்கும். மலர் அந்த ஃபாண்டில்தான் வரவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆகவே அவர் டைப் அடிக்காதது அச்சேறாது.

இந்த வருஷம், அச்சுக்குப் போக மூன்று நாள் இருக்கையில், அந்தக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. மாதங்கி வேலை பார்க்கும் ஜாதவ்பூர் ஜெராக்ஸ் கடைக்குச் செயலாளர் மீனாக்ஷி மாமி மலரின் நகல் இருந்த பென் டிரைவோடு ஓடி வந்தாள்.

“ஏதாவது பண்ணுடி கண்ணா, ஒரு எழுத்து புரியலை!”

பழைய ஃபாண்டைப் புதுத் தமிழாக மாற்றித்தரும் பக்கம் ஒன்று இணையத்தில் இலவசமாகவே கிடந்தது. மாமி போனபின் மாதங்கி மலரை அதில் ஒட்டினாள், பொத்தானை அழுத்தினாள். பூச்சிகளெல்லாம் தமிழாயின.

“ரொம்பக் கஷ்டமான வேலை மாமி, எங்கிட்டயே இருக்கட்டும்” என்று போனில் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் ராஜ்யம் கை மாறியது. தன் கதையை முதல் பக்கத்தில் வைத்தாள். சங்கத்துக் கவிஞர் குருபிரசாத்தின் கவிதையில் எட்டு நிலா வந்தது; ஆறை வெட்டினாள். மாமாவின் கட்டுரையை ஒதுக்கி, அடியில் எழுதினாள்: ‘முயற்சி போதாது. அடுத்த ஆண்டு பார்க்கலாம்.’ அடடா, இதில் இத்தனை சுகமா!

மறுநாள் மாமா சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார்.

“என் கட்டுரை பத்திரமா இருக்கோல்லியோ?”

“பாத்துண்டிருக்கேன் மாமா.”

“நீ பாக்கறியா!” என்றவர், உடனே குரலைத் தாழ்த்தினார். “லோகத்துக் கம்ப்யூட்டரையெல்லாம் நாலு கம்பெனிக்காரன் வளைச்சுப் போட்டுட்டான். கிழிச்சிருக்கேன் பாரு. ரெண்டாவது பாராவைப் படி.”

மாதங்கி உரக்கப் படித்தாள். “பூட்டையும் தானே செய்து, சாவியையும் தானே வைத்துக்கொண்டு, உள்ளே வர யாருக்குத் தகுதி என்றும் தானே தீர்ப்புச் சொல்கிறவன் வியாபாரி அல்ல, அயோக்கியன்.”

“எப்படி?” என்றார் மாமா, பூரித்துப்போய்.

அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பென் டிரைவ் இப்போது அவள் குர்தாப் பையில் அல்லவா இருந்தது?

“அது சரி, எப்படித் திறந்தே? என்னைத் தவிர யாராலயும் முடியாதே!”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பொய் போதும், அடுத்த பன்னிரண்டு வருஷமும் அவளுடையது.

திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒட்டினாள், அழுத்தினாள்.

“இவ்வளவுதான் மாமா. யார் வேணா பண்ணலாம்.”

அந்த இணையப் பக்கத்தின் முகவரியைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஆறு நிலாவும் திரும்பி வந்தன. மாமாவின் கட்டுரையை முதல் பக்கத்துக்கு ஏற்றி, தன் கதையைக் கடைசிக்கு இறக்கினாள். ஆனால் மலரிலிருந்து எடுக்கவில்லை. கட்டுரைக்கு அடியிலிருந்த தீர்ப்பை மட்டும் அழிக்க மறந்துபோனாள்.

மறந்துதான் போனாள்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் அந்தத் தீர்ப்பை இரண்டு தரம் படித்தார். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு சந்தேஷை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, படியிறங்கிப் போனார்.