ஊசி மஸ்தான்

உடம்பைச் சுமந்துபோகும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசலுக்கு வர வழியில்லாமல் தெருவிலேயே இறக்கி வைத்தார்கள். மஸ்தானின் அம்பாசிடர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நேற்று சாயங்காலம் சேதி கேட்டுப் போய் மஸ்தானைப் பின்சீட்டில் கிடத்தி ஓட்டிவந்தவன் டாக்ஸி ஸ்டாண்டு பச்சியப்பன். உடம்பை இறக்கிய பதற்றத்தில் வண்டியை அப்படியே விட்டுப் போயிருந்தான்.

"வண்டியக் கொஞ்சம் எடுங்க பாய். அஸர் தொழுகைக்குள்ள பள்ளிக்குப் போயிரணும்" என்றார் பாங்கு சொல்லும் மோதினார்.

சாவி ஹயாத் பாஷாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. கூடப்பிறந்த அண்ணனின் வண்டிதான். ஆனால் நேற்றிலிருந்து அதன் பக்கம் போகவே அவனுக்குப் பயமாக இருந்தது.

கடத்தூரில் வண்டி வயரிங் என்றால் ஹயாத் பாஷா. தர்மபுரிக்காரன் கைவிட்ட லாரியைக்கூட அரை நாளில் எரியவைத்து அனுப்புவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அவனிடம் இந்தப் பங்குனியில் அண்ணன் மூன்று முறை வந்தான். இஞ்சின் சூடு காட்டும் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று சிவப்புக்கு ஏறுகிறதாம். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து ஆறவிட்டுப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் தளும்புகிறதாம். அதற்குள் ஊசியும் சமர்த்தாக இறங்கிவிடுகிறதாம்.

ஹயாத் பாஷா ஒன்றும் சும்மா பார்க்கவில்லை. மூன்று முறையும் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஊசி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"நீ பாக்கறப்ப மட்டும் எப்படிடா அது நல்ல புள்ளயா இருக்குது?" என்று மஸ்தான் கேட்டான்.

மூன்றாம் முறை ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் டீயோடு நின்றிருந்தார்கள். ஆள் கூடிவிட்டால் ஹயாத் பாஷாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஊசிக்கு ஒரு நோவும் இல்லண்ணே. உன் மனசுலதான் ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்கு 'ஊசி மஸ்தான்' என்று பெயராயிற்று. பெயர் வைத்தவன் பச்சியப்பன். மஸ்தானும் கூடச் சிரித்தான். ஆனால் நாலாம் முறை அவன் கடைக்கு வரவில்லை.

நேற்று இண்டூருக்குச் சவாரி. உச்சி வெயிலில் ஊசி ஏறியிருக்கிறது. "இஞ்சின் வெந்துரும், இதோ தண்ணி கொண்டாந்தர்றன்" என்று சவாரி வந்த ரோசம்மாளிடம் சொல்லி, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுக் கேனோடு காட்டுக்குள் இறங்கிப் போயிருக்கிறான். கிணறு அரை மைல் தூரம். அவள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தேடிப் போனபோது கிணற்றுப் படியில் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் கேன் நிறையத் தண்ணீர்.

"நான் ஓட்டிட்டு வந்தப்ப ஊசி அசையவே இல்ல" என்று பச்சியப்பன் சொன்னதுதான் நேற்றிலிருந்து ஹயாத் பாஷாவுக்கு ஆறுதல். ஊசியில் ஒன்றுமில்லை. நெஞ்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளறையில், வாசலை மறைத்துக் கட்டிய திரைக்குப் பின்னால், அண்ணி வஹிதா இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. கொழுந்தனும் அந்நிய ஆண்தான். குரல் மட்டும் விட்டுவிட்டு வெளியே வந்தது.

"அவரு பயந்தாங்கொள்ளி இல்லைங்க. ஊசி ஏறுச்சு. கண்ணால பாத்துத்தானே எறங்கிப் போனாரு. யாருமே நம்பலியே. ஊரே சிரிச்சுதே."

விடிந்ததிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த பெண்கள் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார்கள். அவர்கள் நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஹயாத் பாஷா வண்டியருகே போனான். பானெட் சரியாக மூடாமல் விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது. பச்சியப்பனின் அவசரம். இரண்டு கையாலும் அழுத்தினான். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

ஊசி ஏறியது.

இஞ்சின் நேற்றிலிருந்து ஓடவில்லை. தொட்டால் சில்லென்று இருக்கும். ஊசி பாட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி, பாதியைத் தாண்டி, சிவப்பில் போய் நின்றது. ஹயாத் பாஷாவுக்குப் பின்சீட்டில் யாரோ இருப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "பாத்தியாடா?" என்று அண்ணன் கேட்டுவிடுவானோ என்று உட்கார்ந்திருந்தான்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தான். ஊசி இறங்கியது. மூடினான். ஏறியது. மறுபடி திறந்து குனிந்து பார்த்தான். பானெட்டின் கொக்கி வந்து உட்காரும் இடத்தில் சூடு ஊசிக்குப் போகும் வயர் கிடந்தது. மேல் ரப்பர் தேய்ந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது. மாசி மாதம் புது ஹார்ன் மாட்டும்போது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவனே ஒதுக்கிக் கட்டிய வயர். அவன் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. மூடினால் கொக்கி வயரைத் தகட்டோடு சேர்த்து அழுத்தும். திறந்தால் விட்டுவிடும். மூன்று முறையும் முதல் வேலையாகப் பானெட்டைத்தான் திறந்தான்.

"பாய், நேரமாவுது" என்றார் மோதினார்.

வண்டியைத் தள்ளச் சொல்லி ஓரம் கட்டினான். இன்னொரு முறை சாவி போட அவனால் முடியவில்லை.

மஸ்தானுக்கு ஆண் பிள்ளை இல்லை. தொழுகைக்கு முன் எழுந்து நின்று, மய்யித்தாகக் கிடப்பவர் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கூட்டத்திடம் கேட்க வேண்டியவன் தம்பிதான். பள்ளிவாசல் முற்றம் நிறைந்திருந்தது. சுவரோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். பச்சியப்பன் தோளில் துண்டு இல்லை. இடுப்பில் கட்டியிருந்தான்.

"எங்கண்ணன் யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தான் ஹயாத் பாஷா. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வயரைப் பிடுங்கி எறிந்தால் முடிந்தது. நெஞ்சுவலி என்று ஊரே ஒத்துக்கொண்டாயிற்று.

"அவரு யாரையும் நோகடிக்கலிங்க. நாமதான் நோகடிச்சோம். ஊசி ஏறுச்சு. இப்பத்தான் பாத்தன். நான் கட்டுன வயருங்க அது. மூணு தடவ சொன்னாரு. பொய்யின்னு நாலு பேரு முன்னால சிரிச்சவன் நானு. அவரு என்னய மன்னிக்கணும்னு துவா கேளுங்க."

யாரும் ஆமீன் சொல்லவில்லை. பச்சியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இமாம் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் ஹயாத் பாஷா நேராக உள்ளறைத் திரைக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தான். முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான்.

"அண்ணி, அண்ணன் சொன்னது நெசம். ஊசி ஏறுச்சு. தப்பு என்னுது. பள்ளியில எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"தம்பி" என்றாள் வஹிதா. "நேத்து காலையில அவரு எறங்கறப்ப, ஊசி மஸ்தான் பத்தரமா போயிட்டு வாங்கன்னு சொன்னன். நானும்தான் சிரிச்சன்."

திரையின் அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவனுமாக பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.