நொச்சித்தழை கிடந்த அண்டா

அண்டாவுக்குள் நெல் வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது, உமி வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிற பதத்தில் இறக்கிவிட வேண்டும் என்று பொன்னாத்தாள் பத்தொன்பது வருசமாகச் சொல்லக் கேட்டிருந்த காளியண்ணன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே நெல் அவிக்கிற பெருமையில் துடுப்பை விட்டு ஒரு கிளறு கிளறினான், ஆவி முகத்தில் அடித்தது, கூடவே ஒரு தழை நெடியும் அடித்தது, அவித்த நெல்லுக்கு இந்த வாசம் கிடையாதே என்று அவன் நினைக்கும்போதே, பக்கத்தில் பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்த மகள் கலாமணி எழுந்து அண்டாவுக்குள் பார்த்தாள், அப்பா, இதென்னுங்ப்பா நொச்சித்தழை கெடக்குது, என்றாள். எங்கிருந்தாவது விழுந்திருக்கும் சாமி, என்றான் அவன், நேற்றுச் சாயங்காலம் மண் மொடாவிலிருந்த நெல்லையெல்லாம் கவிழ்த்து ஊறப்போடும்போதும் நாலைந்து இலை மிதந்தன, வழித்து எறிந்துவிட்டுத்தான் போய்ப் படுத்தான், அது எந்த மரத்திலிருந்து விழுந்தது, தலைக்குமேல் ஓடல்லவா இருக்கிறது என்று நேற்றைக்குக் கேட்கத் தெரியாத புத்தி இப்போது கேட்டது. அம்மா பூச்சி அண்டாம இருக்க வெதநெல்லுக்குத்தானுங்ப்பா நொச்சி போடும், என்று கலாமணி மெதுவாகச் சொன்னாள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால்கூடப் போதும், ஊறின விதைதானே, அப்படியே மூட்டம் போட்டு முளை கட்டி நாற்றங்காலில் விட்டிருக்கலாம், இப்போது வெந்துபோனதை எந்த மண் முளைக்க வைக்கும், அவன் விறகை இழுத்துப்போட்டுத் தண்ணீரை ஊற்றினான், பிறகு எதற்கு ஊற்றினோம் என்று தெரியாமல் நின்றான். பொன்னாத்தாள் ஒன்பது நாளைக்கு முன்புதான் அக்காவுக்குக் கால் ஒடிந்துவிட்டதென்று ஈங்கூருக்குப் போனாள், கல்யாணமானதிலிருந்து அவள் தோட்டத்தை விட்டு இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் வெளியே தங்கியதில்லை, போகும்போதுகூட மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டுவதைப் பற்றித்தான் சொன்னாள், நெல்லைப் பற்றிச் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும், அதை மாசி மாசமே சொல்லிவிட்டாளே. அன்றைக்கு அவன் களத்தில் உட்கார்ந்து வழிப்போக்கன் ஒருவனிடம் அளந்துகொண்டிருந்தான், மூணு ஏக்கராதானுங்க, ஆனா உப்பத் தவிர ஒண்ணும் கடையில வாங்கறதில்லீங்க, எண்ணெய் எங்க கடலைக்கா, தலைக்கு எங்க அரப்பு, யாருகிட்டயும் வாங்கறதுமில்ல, யாருக்கும் கொடுக்கறதுமில்ல, என்று அவன் சொல்லச் சொல்ல அந்த ஆளும் தலையாட்டிக்கொண்டே இருந்தான், அப்போதுதான் உள்ளேயிருந்து பொன்னாத்தாள், ஏனுங்க, வைக்கோல்ல கட்டி வெச்ச வெதக்கோட்டைய எலி கடிச்சுப்போட்டுது, வெதநெல்ல மொடாவுக்கு மாத்திட்டு, அதுல இருந்த திங்கற நெல்ல மூட்டை கட்டி மேல அட்டாலியில போட்டுட்டேன், கேட்டுதுங்களா, என்றாள், அவன் ம் என்றான். அந்த ம் இப்போது ஆவிக்குள்ளிருந்து அவனுக்கு நன்றாகவே கேட்டது.

உப்புக் காளியண்ணன் என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது, அதை அவன் பட்டம்போல வைத்துக்கொண்டான். வீம்பு சும்மா வரவில்லை, பாகம் பிரிந்த முதல் வருசம், அண்ணன் வீட்டில் ஏர் இரவல் கேட்கப் போனபோது அண்ணி வாசலில் நாலு பேர் பார்க்க, பாகத்தையும் வாங்கிட்டு ஏரையும் கேக்க வெக்கமா இல்லையா, என்றாள், அன்றிலிருந்து இனி ஒருத்தர் வாசலிலும் நின்று கேட்பதில்லை என்று இருந்துவிட்டான், கல்யாணத்தில் மாமனார் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட வாங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வான், ஆனால் பொன்னாத்தாள் வந்து இறங்கும்போது கையில் ஒரு மஞ்சள்பை இருந்தது, அதில் மூன்று படி விதைநெல் இருந்தது, எங்கப்பன் தோட்டத்து நெல்லுங்க என்று அவள் சொன்னதும் இருந்தது, அவன்தான் கணக்கில் சேர்க்கவில்லை, நெல் என்ன சீரா என்று இருந்துவிட்டான். வருசா வருசம் அறுப்புக்கு முந்தின நாள் அவள் மட்டும் தனியாகக் கதிருக்குள் இறங்குகிறாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நல்ல கதிராக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அரிகிறாள், இவன் வரப்பில் நின்றுகொண்டு, இப்பிடிப் பொறுக்கீட்டிருந்தா தைப்பூசத்துக்குத்தான் அறுப்பு முடியும், என்று கேலி பண்ணுகிறான், அவள் திரும்பியும் பார்ப்பதில்லை, பிறகு அதைத் தனியாகத் தட்டி, முறத்தில் புடைத்து, கருக்காயையும் கலப்பு நெல்லையும் விரலாலேயே எடுத்துப்போட்டு, அத்தனை வருசமும் அவள் குனிந்தே இருக்கிறாள்.

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தான், காய்ந்ததும் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, கொஞ்சம் மஞ்சளித்திருந்தது அவ்வளவுதான், அப்படியே மொடாவில் கொட்டி, மேலே புதுசாக நொச்சி ஒடித்துப் போட்டு, சாணி வைத்து மூடிவிட்டால், நாற்று முளைக்காதபோது விதை செத்துப்போச்சு என்று எல்லோரும் வானத்தையும் எலியையும் திட்டிக்கொண்டிருக்கலாம், அவன் மொடா வரைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு போகவும் செய்தான். கலாமணி நிலைப்படியில் நின்றிருந்தாள், அம்மா கேட்டா நான் சொல்லீருவேனுங்ப்பா, என்றாள். நானே சொல்லிப்போடறேன் சாமி, என்று கூடையை இறக்கி வைத்தான். வெட்கமாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது, அதற்குள் நாற்றங்கால் விட்டாக வேண்டும், விட ஒரு பிடி விதை இல்லை, கடையில் வாங்கலாம், வேறு நெல், வேறு பெயர், ஆனால் பொன்னாத்தாளின் நெல் கடையில் கிடையாது.

அவள் மறுநாள் மத்தியானப் பஸ்ஸில் வந்தாள், இளைத்திருந்தாள், பசிக்குதுங்க என்றாள், அவன் முந்தின நாளே உரலில் குத்திப் புடைத்திருந்த அரிசியில் சோறாக்கி வைத்திருந்தான், வேறு நெல் இல்லை என்பதல்ல, அட்டாலி மூட்டையை இறக்கி அவித்துக் குத்த இன்னும் மனசு வரவில்லை, சாப்பிடட்டும், சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று வட்டிலில் போட்டுக் கொள்ளுப்பருப்பைக் கடைந்து ஊற்றினான். அவள் பிசைந்தாள், ஒரு வாய் வைத்தாள், இரண்டாம் வாய் எடுக்கும்போது கை நின்றது, வட்டில் ஓரத்துச் சோற்றை விரலால் விலக்கிப் பார்த்தாள், ஒரு கருப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை, நொய் இல்லை, அத்தனை பருக்கையும் ஒரே அளவு. ஏனுங்க, என்றாள். அவன், மொடாவுல இருந்தத அவிச்சுப்போட்டேன், என்றான். கலாமணி வாசலுக்குப் போய்விட்டாள்.

பொன்னாத்தாள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான், அவள் மறுபடியும் ஒரு வாய் வைத்து மென்றாள், கண் நிறைந்தது, நல்லாத்தானுங்க இருக்குது, என்றாள், பத்தொம்பது வருசமாப் பொறுக்கறேன், நல்லதெல்லாம் மண்ணுக்கு, மிச்சம் வயித்துக்கு, இத ஒரு நாளும் நான் தின்னதில்லீங்க. அவன் தலையைக் குனிந்துகொண்டு, இப்ப வெதைக்கு என்ன பண்றது, என்றான். எங்கண்ணங்கிட்ட இருக்குது, நாலு வருசத்துக்கு முந்தி அதுக்கு வெத கெட்டுப்போயி வந்து நின்னுச்சு, நீங்க கொடுமுடிக்குப் போயிருந்தீங்க, ரெண்டு படி கொடுத்தேன், உங்ககிட்டச் சொன்னாக் கொடுக்க உட்டிருக்க மாட்டீங்க, என்றாள். அவனுக்கு வழக்கம்போலக் கோபம் எழுந்தது, வட்டிலைப் பார்த்தான், அடங்கிப்போயிற்று. சரி, நாளைக்கு நீயே போயி வாங்கிட்டு வந்துரு, என்றான். நானெதுக்குப் போகோணும், அவிச்சது நீங்க, வாசல்ல நின்னு கேக்கோணும், வெதைய அவிச்சுப்போட்டேன் மச்சான், ரெண்டு படி கொடுங்கன்னு, வேற ஒண்ணும் பேச வேண்டாம், என்றாள். அவன், எத்தனை மணிக்குப் பஸ்சு, என்று கேட்டான். ஏழரைக்கு, என்று சொல்லிவிட்டு அவள் காலி வட்டிலை அவன் முன்னால் நீட்டினாள். இன்னொரு கரண்டி போடுங்க, அடுத்த வருசம் எனக்கு இந்தச் சோறு கெடைக்காது.