ஏழு பேர் உட்காரும் வண்டி

ஷோரூமில் நிறுத்தியிருந்த வண்டியின் கடைசி வரிசையில், முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் காது சார். எப்படியோ ஏறிவிட்டார். இறங்கத்தான் வழி பிடிபடவில்லை. வெளியே நின்ற விற்பனைப் பெண், “அப்படியே இருங்க சார், நடு சீட்டை மடிச்சுத் தர்றேன்,” என்றாள். “அவசரமில்லம்மா. உட்கார்ந்து பாத்தாதானே தெரியும்,” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துத் தன் முழங்கால்களைப் படம் பிடித்தார். அதை மகளுக்கு அனுப்பி, ‘நீ சொன்ன வண்டியில கால் இடிக்குதும்மா. அண்ணன் சொன்னதுதான் தேவலை போல’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதே படத்தை மகனுக்கும் அனுப்பினார். ‘தங்கச்சி சொன்ன வண்டியில காலுக்கு நல்ல இடம் இருக்கேப்பா’ என்று அதன் கீழே எழுதினார். இரண்டில் எது உண்மை என்பது முழங்காலுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கும் அறை அவருடையது. டாக்டர் இல்லை. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற காதுகளோடு நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறவர். அதனால் நர்ஸுகள் வைத்த பெயர் காது சார். பெயருக்கேற்ற மாதிரி அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. வீட்டில் பேசுகிற வேலையை எல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள். குடும்பத்துக்கென்று போனில் ஒரு குரூப் ஆரம்பித்ததும் அவள்தான். காலையில் எழுந்தது, துணி காய்ந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரைக்கும் அதில் வந்துவிடும். அவள் போனபிறகு குரூப்பும் படுத்துவிட்டது. பிறந்தநாள் வந்தால் ஒரு கேக் படம், நல்ல நாள் என்றால் கைகூப்பிய படம். வெளிநாட்டிலிருக்கும் மகனும் வேறு ஊரிலிருக்கும் மகளும் பாசமில்லாத பிள்ளைகள் இல்லை. பேச விஷயம்தான் இல்லை. “சாப்டீங்களாப்பா?” “சாப்டேன்.” “வேற என்னப்பா?” இந்த ‘வேற என்ன’வுக்குப் பதில் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பழைய சின்ன வண்டி நடுரோட்டில் படுத்து, இனி எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னபோது இதெல்லாம் மாறியது. லீவுக்கு எல்லாரும் சேர்ந்து வரும்போது ஒரே வண்டியில் போகலாம், பெரிசாகவே எடுங்கள் என்று மகன் எழுதினான். எதை எடுக்கட்டும் என்று இவர் கேட்டார். அவ்வளவுதான், குரூப் பற்றிக்கொண்டது. மகன் ஒரு வண்டியைச் சொன்னான். மகள் இன்னொன்றைச் சொன்னாள். இரண்டும் வேறு வேறு கம்பெனி. பெயரைப் பெயர்த்து எடுத்துவிட்டால் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. அதே உயரம், அதே மூக்கு, அதே ஏழு இருக்கை. வித்தியாசம் இல்லாத இடத்தில்தான் சண்டை நன்றாக நடக்கும் போலிருக்கிறது. மகன் வீடியோவாக அனுப்பினான். மாப்பிள்ளை பிரேக்கைப் பற்றிப் பிரசங்கமே செய்தார். பேத்தி, “தாத்தா, மேல ஜன்னல் இருக்கிற வண்டி வாங்குங்க, நான் தலைய நீட்டணும்,” என்று மூச்சு வாங்கப் பேசி அனுப்பினாள். அதை அவர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் போட்டுப் போட்டுக் கேட்டார்.

முக்கியமாக, போன் அடித்தது. டயரில் தொடங்குகிற பேச்சு எங்கெங்கோ போய்வந்தது. மகன் தன் மேலாளரைத் திட்டினான். மகள், அம்மா இருந்திருந்தால் நிச்சயம் கலரைப் பார்த்துத்தான் வண்டி எடுத்திருப்பாள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சட்டென்று அழுதாள். அம்மாவைப் பற்றி அப்பாவிடம் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது அவருக்கு. சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் எவ்வளவு பட்டினி கிடந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் குரூப்பில் வைத்துப் பேசினால் பிள்ளைகள் சீக்கிரமே சமாதானமாகிவிடுவார்கள் என்று தெரிந்தது. “அண்ணா சொல்றதும் சரிதான்” என்று மகள் ஒருநாள் இறங்கி வந்தாள். அன்றிலிருந்து இருவரையும் தனித்தனியாகப் பிரித்தார். இது அவருடைய தொழில் புத்தி. காதுப் பரிசோதனையில் ஒரு காதுக்குக் கொடுக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகப் போனால், மண்டை எலும்பு வழியாக அடுத்த காதுக்கும் எட்டிவிடும். அதனால் நல்ல காதில் ஓர் இரைச்சலை ஓடவிட்டு, அதை வேறு வேலையில் இருத்திவிட்டுத்தான் மந்தமான காதைச் சோதிப்பார். அதே வித்தையைப் பெற்ற பிள்ளைகளிடம் காட்டினார். மகன் ஓய்கிறான் என்று தெரிந்தால் தங்கச்சி வண்டியைப் புகழ்வார். மகள் ஓய்ந்தால் அண்ணன் வண்டியை. வாரக் கடைசியில் இரண்டு ஷோரூமுக்கும் போய்ப் புதிதாக ஒரு சந்தேகத்தைக் கையோடு எடுத்து வருவார். ஒருநாள் டிக்கி. ஒருநாள் ஸ்டெப்னி. இன்றைக்கு முழங்கால்.

அடுத்த நாள் பரிசோதனைக்கு ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பஞ்சு பதித்த அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் பொத்தானைக் கொடுத்தார் காது சார். வழக்கமான வார்த்தைகளையே சொன்னார். “எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க. கேட்டா மட்டும் அழுத்துங்க.” டிரைவர் அழுத்தினார். இவருடைய மேஜையில் விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைத்தார், எரிந்தது. இன்னும் குறைத்தார், எரிந்தது. சந்தேகம் வந்து, சத்தமே கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். விளக்கு எரிந்தது.

“நான் ஒண்ணுமே குடுக்கலையேங்க.”

“கேட்ட மாதிரிதான் இருந்துச்சு சார்,” என்றார் டிரைவர். அந்தப் பெரிய உடம்பு குறுகிப் போயிருந்தது. “ரொம்ப நேரம் சும்மாவே இருந்துச்சா, அதான்.”

வேறொரு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். அன்று வரவில்லை. “இருக்கட்டும், முதல்லேருந்து பாக்கலாம்,” என்றார்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. திரையில் மகன், மகள் இருவருடைய முகங்களும் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்பா, அண்ணன்கிட்ட என் வண்டிதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?” என்று கேட்டாள் மகள்.

எலும்பு வழியாகப் போய்விட்டது என்று புரிந்தது.

“ஒரே முழங்கால் ரெண்டு பேருக்கும் வந்திருக்குப்பா,” என்று மகன் சிரித்தான். அது கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. “நேத்து நானும் இவளும் ரொம்ப நேரம் பேசினோம். உங்க மெசேஜ எல்லாம் படிச்சுப் படிச்சுச் சிரிச்சோம்.”

அவன் தங்கையோடு ரொம்ப நேரம் பேசியிருக்கிறான். அதை நினைத்துச் சந்தோஷப்படத்தான் வேண்டும், பட்டார். கூடவே, அந்தப் பேச்சில் தான் இல்லையே என்று பொறாமையாகவும் இருந்தது. ‘நீங்க பேசிட்டே இருக்கணும்னுதான்டா அப்படிச் செஞ்சேன்’ என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெற்ற பிள்ளைகளிடம் பேச்சுத்துணை கேட்டுக் கை நீட்ட மனம் கூசியது.

“எனக்கு ஒரே குழப்பமாயிடுச்சுப்பா,” என்றார்.

“பாவம்ணா, அப்பா ரொம்பத் திண்டாடிட்டார்,” என்றாள் மகள். “நாமதான் ஆளுக்கொண்ணு சொல்லி அவரை அலைய விட்டுட்டோம்.”

“அதனால நாங்களே முடிவு பண்ணிட்டோம்ப்பா. இவ சொன்ன வண்டியே இருக்கட்டும். புக் பண்ணியாச்சு. இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. நீங்க எதையும் யோசிக்க வேண்டாம்.”

“சரிப்பா. லீவுக்கு வர்றீங்கல்ல?” என்றார்.

“பாப்போம்ப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல லீவு கிடைக்கணுமே. வண்டிதான் வந்துடப் போகுதே, இனிமே எப்ப வேணா வரலாம்.”

போனை வைத்த பிறகு செருப்பைக் கழற்றினார். வண்டியைப் பற்றி ஏதாவது ஒரு சந்தேகம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று படுக்கும்வரை யோசித்தார். பிள்ளைகள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

வண்டி வந்த அன்று படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். இதயங்கள் வந்தன, கட்டைவிரல்கள் வந்தன, பேத்தி கைதட்டும் பொம்மை அனுப்பினாள். பிறகு பழையபடி ஆயிற்று. வண்டியை எடுத்த அன்று விற்பனைப் பெண் சாவியைக் கொடுத்து, “வாராவாரம் உங்களைப் பாத்துப் பழகிடுச்சு சார்,” என்றாள். அவருக்கும்தான். ஆனால் இனி அந்தக் கடையில் அவருக்கு என்ன வேலை? அவள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னாள்: “பக்கத்து சீட்ல கனமா எதையாவது வெச்சா, ஆள் உட்கார்ந்திருக்குன்னு நெனச்சுக்கும் சார். பெல்ட் போடலன்னு கத்தும். பயந்துடாதீங்க. பெல்ட்டை மாட்டி விட்டா நின்னுடும்.”

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனார். பழக்கதோஷத்தில் ஒரு முழு தர்பூசணியை வாங்கிவிட்டார். முன்பு நாலு பேர் சேர்ந்து முடித்த அளவு அது. பின்னால் வைத்தால் உருளும் என்று பக்கத்து இருக்கையில் வைத்துக் கிளம்பினார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, வண்டி கூப்பிட ஆரம்பித்தது. பீப், பீப், பீப்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சுருதி அவருக்குத் தெரியும். புதிதாக வரும் எந்தக் காதுக்கும் அவர் முதலில் கொடுக்கிற சத்தம் கிட்டத்தட்ட இதுதான். அநேகமாக எல்லாக் காதுக்கும் எட்டுகிற சத்தம்.

சிக்னலில் நின்றபோது பெல்ட்டை இழுத்துப் பழத்தின் குறுக்கே மாட்டினார். கூப்பாடு நின்றது. நல்ல வண்டிதான், வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வரவில்லை. பஞ்சு பதித்த அறைக்குள் தானே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஆட்கள் வாயசைத்துப் பேசிக்கொண்டு கடந்தார்கள். முன்னால் நின்ற காரில் ஒரு பெண் பின்சீட்டுக்குத் திரும்பி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். சிக்னல் விழுந்து அந்தக் கார் போய்விட்டது.

வீட்டுத் தெரு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். இடது கையை நீட்டி, பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். பெல்ட் சரசரவென்று பின்வாங்கியது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று வண்டி மறுபடியும் சொல்லத் தொடங்கியது. அவர் வீட்டு வாசலைத் தாண்டி, ஐந்து இருக்கைகள் காலியாக, அடுத்த தெருவுக்குள் மெதுவாக வண்டியைத் திருப்பினார். அது சொல்லிக்கொண்டே வந்தது.