ஸ்பீக்கரில் ஒரு சக்களத்தி

கட்டின புருஷன் இன்னொருத்தியைப் புகழ்ந்தால் எந்தப் பெண்ணுக்கும் வயிறு எரியும். அந்த இன்னொருத்திக்கு முகமே கிடையாது, வெறும் குரல்தான் என்றால் எரிச்சல் குறையுமா? குறையாது. சந்தேகம் இருந்தால் நம் கதவுக்காரியைக் கேட்டுப் பாருங்கள்.

கதவுக்காரி என்பது ஊர் வைத்த பெயர். கடல்நகரத்து மெட்ரோ ரயிலில் "கதவு மூடுகிறது. விலகி நில்லுங்கள்" என்று அதட்டுகிற குரல் அவளுடையது. ரயில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவள்தான். ஒருமுறை ஸ்டூடியோவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிக் கொடுத்தாள். பிறகு புதிதாக நிலையம் திறந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாலும் சரி, பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாலும் சரி, அவள் குரல் அதுபாட்டுக்கு ஊரையே மிரட்டிக்கொண்டிருக்கும். தெருவில் பிள்ளைகள் சண்டை போடும்போது "விலகி நில்லுங்கள்" என்று அவளைப் போலவே முறைத்துச் சொல்லும். காதில் விழாதவள் போலக் கடந்து போவாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிடும்.

அவள் வீட்டுக்காரர் அதே ரயிலை ஓட்டுகிறவர். மேட்டுநகரத்தில் புதுத் தடம் திறந்து, ஓட்ட ஆள் போதாமல், இவரை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு அங்கே வேலை, வாரக் கடைசியில் வீடு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடல்நகரத்துக்கும் மேட்டுநகரத்துக்கும் எப்போதுமே ஆகாது. கடல்நகரத்தான் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து குரைக்கும் என்பது மேட்டுநகரத்து நக்கல். மேட்டுநகரத்தான் கிணற்றில் விழுந்தாலும் "மன்னிக்கணும், உங்களுக்கு ஒரு நிமிஷம் இருக்குமா" என்றுதான் கூப்பிடுவான் என்பது கடல்நகரத்துப் பதில். இவர்கள் முரடர்கள், அவர்கள் ஊமைக் கோட்டான்கள். இவர்கள் கையில் காசு தங்காது, அவர்கள் கையை விட்டுக் காசு போகாது. இதையெல்லாம் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. கதவுக்காரி இதைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவள். அவளுக்கு எதற்குச் சோதனை?

ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார்.

"அங்க ஒரு அம்மா பேசுது பாரு, 'தயவுசெய்து சற்றே விலகி நிற்க முடியுமா'ங்குது. கேட்டா கதவை மூடவே மனசு வரமாட்டேங்குது."

"மனசு வரலன்னா தொறந்து வெச்சுக்கிட்டே ஓட்டுங்க."

"ஏம்மா, உன்ன நான் என்ன சொன்னேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லலைங்க. காலைல வண்டி எடுத்ததுலேருந்து அவ குரல்தானே உங்க காதுல. சர்க்கரைப் பாகைக் குடிச்சிட்டு வந்தா வீட்டுத் தண்ணி கசக்கத்தான் செய்யும்."

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் குரலின் பெயர் சர்க்கரை. வீட்டுக்காரர் திரும்பிப் போன பிறகு, யாரோ படம் பிடித்துப் போட்ட மேட்டுநகர ரயில் காட்சி ஒன்றைப் போனில் தேடி எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். நல்ல குரல். அதுதான் கொடுமை. மட்டமான குரலாக இருந்திருந்தால் அவரை மன்னித்துத் தொலைத்திருப்பாள்.

எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றின மாதிரி அடுத்த மாதமே ஒரு செய்தி வந்தது. இரண்டு ஊர் ரயில்களையும் ஒரே நிறுவனம் நடத்தப்போகிறது. இரண்டு குரல் எதற்கு, ஒன்று போதும் என்று முடிவு. இரண்டு பேரும் இரண்டு ஊருக்கும் பேசித் தரவேண்டும். ஒவ்வொரு குரலும் ஒரு வாரம் ஓடும். பிறகு பயணிகள் நிலைய வாசலில் எந்தக் குரல் வேண்டும் என்று பொத்தானை அமுக்கிச் சொல்லவேண்டும். தோற்றவளின் குரலை அழித்துவிடுவார்கள்.

அழித்துவிடுவார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் கதவுக்காரி முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, பட்டம் பதவி இல்லை. ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த அதட்டல் ஒன்றுதான். அதையும் அந்தச் சர்க்கரைக்குத் தூக்கிக் கொடுப்பதா?

ஒலிப்பதிவு மேட்டுநகரத்தில். விடிகாலையில் கிளம்பிப் போய் இறங்கினாள். அவர்கள் மெட்ரோ நிலையத்தில் எங்காவது ஓர் எச்சில் கறை, ஒரு கிழிந்த சுவரொட்டி கிடைக்காதா என்று மூலை மூலையாகத் தேடினாள். கிடைக்கவில்லை. எரிச்சல் இன்னும் ஏறியது.

ஆனால் ரயில் வந்து நின்றதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல ஒரு காட்சி. கதவு திறந்தது. "நீங்க முதல்ல" என்றார் ஒருவர். "இல்லல்ல, நீங்க போங்க" என்றார் மற்றவர். பின்னால் இருந்த அம்மாள் இருவருக்கும் சேர்த்து வழி விட்டாள். மேலே சர்க்கரை "தயவுசெய்து சற்றே" என்று இழுத்துக்கொண்டிருக்க, யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கதவு மூடித் திறந்து மூடித் திறந்து களைத்துப்போனது. கடல்நகரத்தில் இந்நேரம் ரயில் இரண்டு நிலையம் தாண்டியிருக்கும். கதவுக்காரி இடையில் புகுந்து ஏறி, இருந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டூடியோவில் சர்க்கரையைப் பார்த்ததும் அவளுக்கு ஏமாற்றம். ஒல்லியாக, நீளக் கழுத்தும் மினுக்குமாக ஒருத்தியை மனதுக்குள் வைத்து வளர்த்திருந்தாள். வந்தவள் குட்டையாக, பருமனாக, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

அக்காவாம். ஆளைப் பார்த்தால் இவளுக்கு மூத்தவள் போலிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரர் உங்க ஊருக்குப் போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்கு உங்க பேச்சுதான்க்கா," என்றாள் சர்க்கரை. "'அங்க ஒரு அம்மா சொல்லுது பாரு, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு'ம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

மேட்டுநகரத்து நாக்கு, தேன் தடவித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டாள் கதவுக்காரி. ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. அறிவிப்பை முழுசாகப் பேசமாட்டார்கள். 'அடுத்த நிலையம்' ஒரு துண்டு, நிலையத்தின் பெயர் ஒரு துண்டு, 'கதவுகள் இடப்பக்கம் திறக்கும்' ஒரு துண்டு. பிறகு இயந்திரம் ஒட்டிக்கொள்ளும். வேற்றூர்க்காரி பேசும்போது அந்த ஊர்க்காரி கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, பெயரை எப்படிச் சொல்லவேண்டும், எந்தத் தொனி எடுபடும் என்று மைக்கில் சொல்லித் தரவேண்டும். அவள் தலையசைத்தால்தான் ஒலிப்பதிவாளர் அடுத்த துண்டுக்குப் போவார். போட்டியாளர்கள் இருவரையும் இப்படி ஒருவருக்கொருவர் துணைக்கு உட்காரவைத்தது எந்த மேதாவியின் யோசனையோ தெரியாது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தது போலத்தான்.

முதலில் கதவுக்காரி பேசினாள். சர்க்கரை இந்தப்பக்கத்திலிருந்து சொன்னாள்.

"அக்கா, எங்க ஆளுங்களுக்காக மாத்திக்காதீங்க. உங்க ஊர்ல சொல்ற மாதிரியே கறாரா சொல்லுங்க. இவங்களுக்கு இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல."

குழி பறிக்கிறாள், என்று கதவுக்காரிக்கு மூக்கில் வேர்த்தது. இந்தத் 'தயவுசெய்து' ஊரில் அதட்டினால் யார் ஓட்டுப் போடுவார்கள்? குழைந்து பேசிப் பார்த்தாள். நாலு சொல்லுக்கு மேல் வரவில்லை; அவள் குரலுக்கு அந்த வளைவு கிடையாது. வேறு வழியில்லாமல் அதட்டியே முடித்தாள். முடித்துவிட்டு வெளியே வரும்போது ஒரு கணக்குத் தீர்க்கவேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

மத்தியானம் சர்க்கரை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனாள்.

"அக்கா, உங்க ஊர்ல எப்படிச் சொன்னா கேப்பாங்க?"

கெஞ்சினால் மிஞ்சுவார்கள், மிஞ்சினால் கெஞ்சுவார்கள். கடல்நகரத்தைப் பற்றிக் கதவுக்காரிக்குத் தெரிந்த முதல் பாடம் அது. மைக்கில் வாயை வைத்தாள்.

"கெஞ்சணும்மா. நல்லாக் கெஞ்சணும். எங்க ஊர்க்காரங்க மனசு பூ மாதிரி."

ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார். "உங்க ஊர்லயாங்க?"

"எங்க ஊர் எனக்குத் தெரியாதா? நீங்க பதிவு பண்ணுங்க." மறுபடி மைக்கில்: "இந்த மேடைத் தமிழெல்லாம் வேணாம்மா. வீட்ல பேசுற மாதிரி பேசு. 'கண்ணுங்களா, கதவு மூடப்போகுது, கொஞ்சம் உள்ள வாங்க'ன்னு சொல்லு. 'பாத்து எறங்குங்க, அவசரமில்ல'ன்னு சேத்துக்கோ."

ஊர் சிரிக்கும். சிரித்துச் சிரித்தே அவளைத் துரத்திவிடும். சர்க்கரை இருமலை அடக்கிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண்ணுங்களா என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, "சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள். கதவுக்காரி தலையசைத்தாள். அன்று ரயிலேறித் திரும்பும்போது அவள் மனசு நிறைந்திருந்தது. பாவம் என்று ஒரு நினைப்பு வந்ததும் உண்மை. ஜன்னலை மூடுவது போல அதை மூடிவிட்டாள்.

முடிவு வந்தது. கடல்நகரத்தில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்குப் பொத்தானை அமுக்கியிருந்தார்கள். மேட்டுநகரத்தில் நூலிழையில் கதவுக்காரி ஜெயித்திருந்தாள். அவள் அதட்டின வாரத்தில்தான் அங்கே ரயில் நேரத்துக்கு ஓடியதாம். இக்கரைக்கு அக்கரை பச்சை. நிறுவனம் யோசித்துப் பார்த்து, ஒரே குரல் என்ற பேச்சைக் கைவிட்டு, கேட்டவர்களுக்குக் கேட்டதையே கொடுத்துவிட்டது. இவள் குரல் அங்கே, அவள் குரல் இங்கே.

"அப்புறம் என்னம்மா, உன் குரலை அழிக்கலையே," என்று வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். அவருடைய ஆறு மாதமும் முடிந்து, மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்துவிட்டார். வந்தவர் திங்கட்கிழமை வண்டி எடுத்தால், காதில் மறுபடியும் அதே சர்க்கரை. இரவல் போன இடத்திலிருந்து அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது.

சர்க்கரை போனில் கூப்பிட்டாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான்க்கா. வேற யாரா இருந்தாலும் என்னைக் கவுத்து விட்டிருப்பாங்க. உங்க ஊர் ஆளுங்களுக்குப் பெரிய மனசுன்னு எங்க வீட்ல சொல்லிக்கிட்டே இருக்கேன்." அழுதுவிடுவாள் போலிருந்தது. கதவுக்காரி "பரவால்லம்மா, பரவால்ல" என்று போனை வைத்தாள். நன்றி சொன்னவளை அடிக்க முடிந்திருந்தால் அன்றைக்கு அடித்திருப்பாள்.

பத்து நாள் அவள் ரயில் பக்கமே போகவில்லை. ஒரு நாள் பல் வைத்தியரிடம் போயே ஆகவேண்டியிருந்தது. ஏறினாள். காலைக் கூட்டம். ஒரு நிலையத்தில் வாசலை அடைத்துக்கொண்டு ஜனம் நின்றது. மேலேயிருந்து அந்தக் குரல், அவள் சொல்லிக் கொடுத்த அதே குழைவோடு, "கண்ணுங்களா, கதவு மூடப்போகுது, கொஞ்சம் உள்ள வாங்க" என்றது. ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. முரட்டுக் கடல்நகரத்து ஜனம் ஏதோ தாய் கூப்பிட்டது போல ஓரடி உள்ளே தள்ளி நின்றது. ஒரு தடியன் பின்னால் வந்தவருக்கு இடம் விட்டு ஒதுங்கினான். கதவு முதல் தடவையிலேயே மூடியது.

பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரம்பப் பையைத் தோளில் மாட்டியிருந்த தச்சர் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டீங்களா, எப்படிச் சொல்லுதுன்னு? நம்ம ஊர்ப் பொண்ணுதாங்க. குரல்லயே தெரியுது. இத்தனை வருஷமா ஒருத்தி கத்திக்கிட்டு கெடந்தாளே, அவ நிச்சயமா மேட்டுநகரத்துக்காரிதான். என்ன திமிரு."

கதவுக்காரிக்கு நெஞ்சு காந்தியது. நான்தான் அது என்று சொல்லிவிடலாம். இரண்டு வார்த்தை அவள் பாணியில் பேசினாலே போதும், ரயில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால், முரடு, திமிர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் மெய்தான் என்று ஆகிவிடாதா? தொண்டையைக் கனைத்து, குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்."

தச்சர் நன்றாகச் சொன்னீர்கள் என்பது போலத் தலையாட்டினார்.