வடக்கே போன படகு

“நங்கூரம் போட்டு நின்ன படகு வடக்க எப்படிண்ணே போவும்?”

“இடிச்சா போவாதா? ஏளா, ஞாயித்துக்கிழமையும் காலேஜ் பாடமா?” அம்புரோஸ் மீன்முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினான்.

“லாஞ்சு கிழக்க பார்த்து வந்துச்சு. நீ நின்னிருந்தா ரெண்டும் கிழக்கதான் போயிருக்கணும்.”

கிளாடிஸ் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் நோட்டை விரித்தாள். பத்து நாளைக்கு முன், துறைமுக வாசலில் பர்னபாஸ் என்ற மீனவனின் லாஞ்சும் அண்ணனின் விசைப்படகும் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இரண்டு இன்ஜினும் அணைந்துபோக, ஒட்டியபடியே மிதந்து போய்ச் சிவப்பு மிதவையில் முட்டி நின்றன. நின்ற படகின்மேல் லாஞ்சு ஏறிவிட்டது என்று அண்ணன் மாதாமேல் சத்தியம் செய்தான். அவன் சொல்லச் சொல்லப் புகார் மனுவை ஆங்கிலத்தில் எழுதியவள் கிளாடிஸ். நாளை துறைமுக ஆபீசில் விசாரணை. பர்னபாஸின் லைசென்ஸ் போய்விடும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மோதல் கணக்கு நடந்தது. மோதுமுன் இருந்த உந்தம் மோதிய பின்னும் மாறாது. கிழக்கைத் தனியாக, வடக்கைத் தனியாகக் கூட்ட வேண்டும். அண்ணனுக்கு இன்னொரு சாட்சி கிடைத்ததென்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஒரு பாகத்துக்கு ஆறடி என்று அண்ணன் மனுவில் சொல்லியிருந்த அளவுகளை வைத்துப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவை அடித்து எழுதினாள். தப்பு தன்னுடையதாக இருக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கூடப் பார்த்தாள்.

“இடிச்ச இடத்துலேர்ந்து மிதவை கிழக்க இருபது பாகம், வடக்க நாப்பது பாகம். ரெண்டும் ஒரே எடை. லாஞ்சுக்கு வடக்க வேகமே கிடையாது. அப்ப கிழக்கு அவனோடது, அந்த வடக்கு பூரா உன் படகோடது. அவனைவிட ரெண்டு மடங்கு வேகத்துல வந்திருக்கே.”

“நீரோட்டம் இழுத்துட்டு.”

“கடல் எண்ணெய் மாதிரி அசையாம கெடந்துச்சுன்னு எழுதச் சொன்னது யாரு?”

பர்னபாஸுக்கு ஒரு சாக்கும் மிஞ்சக் கூடாதென்று அண்ணனே சேர்க்கச் சொன்ன வரி அது.

அம்புரோஸ் தட்டைத் தள்ளி வைத்தான்.

“திரேஸ்புரத்துல மொதப் படகா போய்ச் சேர்ந்தாத்தான் மீன் ஏலத்துல வெல. அதான் வேகமா விட்டேன். ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். எங்கிட்ட அதச் சொல்லியிருக்கலாம்லா? எங்கையெழுத்துல பொய்ய எழுத வச்சிட்டியே!”

அவன் எழுந்து, வாளித் தண்ணீரில் நெடுநேரம் கை கழுவினான்.

“நாளைக்கு ஆபீசுக்கு நானும் கூட வாரேன். படகு நின்னுக்கிட்டு இருக்கலன்னு நீயே சொல்லிருண்ணே.”