வாடை இல்லாத புண்

பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுகிற அவசரத்திலும் கமருன்னிசா அந்தப் புட்டியை மறக்கவில்லை. ராத்திரியே ஊறப்போட்ட வேப்பம் புண்ணாக்கைத் துணியில் வடிகட்டி, பழுப்புத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து, முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டாள். இரண்டு மாதமாகப் புருஷன் முகம்மது கனியின் காலிலிருந்த புண்ணை அதில்தான் கழுவிவந்தாள். டாக்டரிடமே காட்டலாம், அவரும் மெச்சட்டும் என்று ஒரு நப்பாசைகூட இருந்தது. பாவம், பைத்தியக்காரி!

கனிக்குப் பாலக்கரை எண்ணெய் மில்லில் வண்டி ஓட்டுகிற வேலை. வேப்பங்கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கையை மாட்டுவண்டியில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து வாழைத்தோப்புகளில் இறக்குவான். தோப்புக்காரர்களுக்கு அது வெறும் உரம். மில்லை ஒட்டிய சந்தில் குடியிருந்தவர்களுக்கோ அதுதான் வைத்தியசாலை. சொறியா, சிரங்கா, சேற்றுப்புண்ணா, மாட்டுக்குக் கழுத்தில் புண்ணா, எதுவானாலும் ஊறவைத்துக் கழுவு. பருப்பு மூட்டைக்கு அடியில் ஒரு கட்டி புண்ணாக்கு கிடந்தால் வண்டு அண்டாது. கமருன்னிசாவின் பிள்ளைகளுக்கு வந்த சிரங்கெல்லாம் அந்தத் தண்ணீரில் ஆறியதுதான்.

தோப்பில் மூங்கில் முள் காலில் ஏறியது தெரியாமலே கனி வீடு வந்து சேர்ந்தபோது, ரத்தத்தைப் பார்த்து அலறியவள் அவள்தான்.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா? இரும்புக் காலுடி இது."

அதைக் கேட்டு அவளும் பூரித்துப்போனாளே, அதை என்ன சொல்ல! கழுவக் கழுவப் புண்ணில் சீழ் இல்லை, நாற்றம் இல்லை, ஈகூட உட்காரவில்லை. ஆனால் வாய் மட்டும் மூடவே இல்லை. எதிர்வீட்டு சாரா பீவி, "ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாயேன் கமரு" என்றபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மோந்து பாருங்கக்கா, வாடை இருக்கா?" என்று கேட்டாள். சாரா பீவி மோந்தும் பார்த்தாள். வாடை இல்லை. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

டாக்டர் கனியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அந்தப் பாதத்தில் குண்டூசியால் குத்தினார்.

"எப்பங்க குத்தப்போறீங்க?" என்றான் கனி.

டாக்டர் குண்டூசியைக் கீழே வைத்துவிட்டார். "சர்க்கரை வியாதிம்மா. காலுல உணர்ச்சியே இல்ல. அழுகல் உள்ளுக்குள்ள எலும்பு வரைக்கும் போயிடுச்சு. நாளைக்குக் காலையில முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். இல்லேன்னா உசிரு தங்காது."

"நாத்தமே இல்லீங்களே..." கமருன்னிசா புட்டியை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது மேல இருக்கறதைச் சுத்தமாத்தான் வச்சிருக்கு. அதனாலதான் நீங்க இங்க வரல."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். யா அல்லா, நான் ஒழுங்காகக் கழுவாமல் இருந்திருந்தால் நாறியிருக்குமே, அப்போதே கூட்டிவந்திருப்பேனே என்று அவள் மனசு திரும்பத் திரும்ப அதையே சுற்றியது.

சாயங்காலம் நர்ஸ் லூர்துராணி புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். கனி ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுத்திருந்தான்.

"எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு? வண்டியில உக்காந்துதானே ஓட்டறேன். மாடு என்ன, என் காலையா எண்ணிப் பாக்கப்போவுது?"

அவள் புட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

"புட்டி எங்க?"

"இனிமே எதுக்குங்க அது?"

"இந்த நல்ல காலைக் கழுவிவிடு. இதுக்கு ஒண்ணும் வந்துடக்கூடாது பாரு. உன் கைப்பக்குவம் இதையாச்சும் காப்பாத்தட்டும்."

அந்தத் தண்ணீர் மேல் அவளுக்கு இப்போது நம்பிக்கை இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் திராணி இல்லை. நல்ல காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீரில் நனைத்த துணியால் குதிகாலிலிருந்து விரல்வரை துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவளின் கை சட்டென்று நின்றது. உள்ளங்காலில் நகத்தை வைத்து லேசாக அழுத்தினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக அழுத்தினாள்.

கனி இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம், ஆரம்பி கமரு" என்றான்.

உள்ளங்காலில் அவள் நகம் பதிந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம். அதில் பழுப்புத் தண்ணீர் தங்கி நின்றது.